வெம்மை தணிக்கும் வழி

சித்திரைத் திங்களில் மதுரை மாநகர் விழாக்கோலம் பூணும். கள்ளழகர் வைகையில் எழுந்தருளும் காட்சியைக் காண, சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து மக்கள் திரள்திரளாக வருவர். வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தல்கள் அமைந்திருக்கும். நீர்மோரும் பானகமும் வருவோர்க்கெல்லாம் வழங்கப்பெறும். வெயிலால் வாடுவோரின் துயர் களைவது பேரறம் என்பதை அந்நகர மக்கள் நெடுங்காலமாக அறிவர்.

ஆயினும், இன்றைய வெயில் பழைய வெயில் அன்று. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் எழும் கரியமில வாயு வான்வெளியில் பெருகி வருகிறது. ஆலைகள் பெருகுவதற்கு முன், காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறக்குறைய 280 பங்காக இருந்த அவ்வாயு, இப்பொழுது 420 பங்கைக் கடந்துவிட்டது. நிலத்தின் வெப்பம் விண்ணுக்கு மீளாதவாறு அது போர்வைபோல் தடுக்கிறது. அதனால் உலகின் வெப்பம் 1 டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்ந்துவிட்டது. அது சிறிய அளவுதானே என்று எண்ணலாகாது. உடலின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினாலே மனிதன் சோர்ந்து படுத்துவிடுகிறான் அன்றோ?

இக்கேட்டினை முதலில் நுகர்வோர் யாவர்? கட்டடம் எழுப்பும் கொத்தனாரும், சித்தாளும், வயலில் களையெடுக்கும் பெண்டிரும், தெருவில் கூடை சுமந்து விற்போருமே ஆவர். நிழலில் ஒதுங்கினால் அவர்தம் அன்றைய கூலி போய்விடும்.

வெள்ளம் வந்தால் அரசு அன்றே விரைந்து செயற்படுகிறது. வெம்மையோ ஓசையின்றி வருகிறது. ஆதலால் அதனை இடுக்கண் என்று உணர்வதற்கே நெடுநாள் ஆயிற்று. 2019ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் காலநிலை நெருக்கடியை அறிவித்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் உயிர் நீத்தோரின் குடும்பத்திற்கு 4 இலட்சம் ரூபாய் வழங்க வகை செய்தது.

இச்செயல் போற்றத்தக்கதே. எனினும், இதுவும் தண்ணீர்ப்பந்தல் போன்றதோர் அறமே. பந்தல் தாகத்தைத் தணிக்கும், வெயிலைத் தணிக்காது. நோயாளிக்கு விசிறிவிட்டால் மட்டும் போதுமா? நோயின் மூலத்தையும் களைதல் வேண்டும். புகையைக் குறைப்பதிலும் அரசு வெள்ளத்துக்கு விரைவதுபோல் விரைதல் வேண்டும்.

அது இயலுமா என்று ஐயுறுவோர் மதுரைக்குத் தெற்கே இராமநாதபுரச் சமவெளியிலுள்ள கமுதியை நோக்கலாம். வறண்ட அந்நிலத்தில் 2016ஆம் ஆண்டில் 648 மெகாவாட் திறனுள்ள கதிரொளி மின்நிலையம் தொழிற்படத் தொடங்கியது. பயிரைக் கருக்கும் வெயிலே அங்கு விளக்கை ஏற்றுகிறது. ஆனால் கதிரவன் மறைந்தபின் அந்நிலையம் உறங்கிவிடும். இரவில் நாடு பெரிதும் நிலக்கரியையே நம்பியிருக்கிறது. பகலில் விளைந்த மின்னாற்றலைச் சேமித்துவைக்கும் கலன்களையும் அரசு பெருக்கினாலன்றி இக்குறை தீராது.

நெடுங்காலம் புகை பெருக்கிச் செல்வம் சேர்த்த நாடுகளே முதலில் குறைத்தல் வேண்டும் என்பர் சிலர். அது நியாயமே. ஆயினும் மதுரையின் கொத்தனார் அந்நியாயம் கிட்டும்வரை வெயிலில் காத்திருத்தல் இயலுமா?

வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வதென 2015ஆம் ஆண்டில் பாரிசில் உலக நாடுகள் உடன்பட்டன. 2070ஆம் ஆண்டிற்குள் நிகர உமிழ்வை இல்லாமற் செய்வதாக இந்தியா 2021ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் உறுதி கூறியது. தமிழ்நாடும் 2022ஆம் ஆண்டில் காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கியது.

2070 தொலைவில் உள்ள ஆண்டு போலத் தோன்றும். இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர் அன்று அறுபது வயதை அணுகியிருப்பர். இன்று எழும் கரியமில வாயுவில் ஒரு பகுதி அன்றும் வானில் நிற்கும். ஆதலால் காலம் தாழ்த்தல் தவறு. கொடுத்த வாக்கை அரசு காத்தல் வேண்டும். காக்கின்றதா என்று கேட்கும் அறிவும் துணிவும் குடிமக்களுக்கு வேண்டும்.