கவுன்சிலருக்கு நிற்கலாமா என்று கேட்ட மாணவிக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். தறி வீட்டில் பிறந்த பிள்ளை. பி.காம். முடித்துவிட்டு ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். "சார், எங்க வார்டு பெண்கள் வார்டு. அடுத்த தேர்தல்ல என்னைய நிக்கச் சொல்லித் தெருக்காரங்க கேக்குறாங்க. எங்க அத்தை வேண்டவே வேண்டாங்குறாங்க. கவுன்சிலர் வேலையெல்லாம் அடாவடிக்காரங்களுக்குத்தான்னு சொல்றாங்க. நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்றாள். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. உங்களில் இன்னும் சிலருக்கும் இந்தக் கேள்வி இருக்கலாம். அதனால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன். அவள் பெயரைப் போடவில்லை.

கவுன்சிலர் என்றால் என்னவோ பெரிய அதிகாரம் என்று நினைக்கிறோம். எம்.எல்.ஏ.வுக்கு இருப்பது போலத் தொகுதி நிதி என்று நகராட்சிக் கவுன்சிலருக்குத் தனியாக எதுவும் கிடையாது. அவர் கையெழுத்தில் பில் பாஸ் ஆகாது. மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் என்பதே 2023 ஜூலையிலிருந்துதான். அவரிடம் இருப்பது கூட்டத்தில் ஓர் இருக்கை, பேச ஒரு வாய், நடக்க இரண்டு கால். அவ்வளவுதான்.

ஆனால் நம்ம ஊர் மாதிரி ஊரில் அதுவே பெரிய காரியம். அருப்புக்கோட்டை, திருச்சுழி எல்லாம் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டும். அருப்புக்கோட்டை குடிக்கிற தண்ணீர் வைகைக் கரையில் திருப்புவனத்திலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் குழாயில் வருகிறது. அவ்வளவு தூரம் வந்த தண்ணீர் கடைசித் தெருவுக்கும் போய்ச் சேர்ந்ததா, மேட்டு வீட்டுக் குழாயில் ஏறியதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் கவுன்சிலர்.

என்னிடம் படித்த இன்னொரு பெண் பக்கத்து ஊர் ஒன்றில் கவுன்சிலராக இருக்கிறாள். ஊர், கட்சி எதுவும் வேண்டாம். அவள் வார்டில் ஒரு நெசவாளர் தெரு. வீட்டுக்கு வீடு குழித்தறி. அந்தத் தெருவுக்கு சிமெண்ட் ரோடு வந்தது. பழைய ரோட்டின் மேலேயே போடுவதாக ஏற்பாடு. எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கு மட்டும் ஒரு யோசனை. ரோடு அரை அடி உயர்ந்தால் வாசற்படி தாழ்ந்துபோகும். ஐப்பசி மழையில் வாறுகால் நிரம்பினால் தண்ணீர் நேரே தறிக்குழிக்குள் இறங்கும். குழியில் தண்ணீர் நின்றால் தறி ஓடாது. தறி ஓடவில்லை என்றால் அந்த வாரக் கூலி இல்லை.

பழைய தளத்தைக் கொத்தி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று நின்றாள். எஸ்டிமேட்டில் அது இல்லை என்றார் காண்ட்ராக்டர். என்ஜினீயரைப் பார்த்தாள், சேர்மனைப் பார்த்தாள், கூட்டத்தில் எழுந்து பேசினாள். மூன்று மாதம் இழுத்தது. "வந்த ரோட்டை இவதான் கெடுத்தா" என்று அதே தெருவில் திட்டினார்கள். கடைசியில் கொத்தி எடுத்துத்தான் போட்டார்கள். அந்த வருஷம் அடைமழை பெய்தும் ஒரு தறிக்குழியில்கூடத் தண்ணீர் இறங்கவில்லை. அதற்காக யாரும் அவளுக்கு மாலை போடவில்லை. வராத தண்ணீரை யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

என்ஜினீயருக்குப் படிப்பு இருக்கிறது. காண்ட்ராக்டருக்கு அனுபவம் இருக்கிறது. ஆனால் தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தவளுக்குத்தான் அந்த அரை அடி கண்ணில் பட்டது. கவுன்சிலர் அந்தத் தெருவிலேயே இருப்பவர். அவருடைய தகுதி அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அந்த ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? நாம் எல்லோரும் அதைப் பார்த்தோம், பார்த்தும் மறந்துவிட்டோம். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை உள்ளாட்சித் தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்பது 1993-இல் அரசியல் சட்டத்திலேயே சேர்ந்துவிட்டது. ஆனாலும் 2016 அக்டோபரில் நடக்க இருந்த தேர்தலை அந்த மாதம் 4-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 24-ஆம் தேதியோடு பழைய கவுன்சிலர்களின் காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் வந்தார்கள். திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. அருப்புக்கோட்டை டவுனுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் வந்தது. வாத்தியார் கணக்கில் சொல்கிறேன்: கவுன்சிலர்கள் போனபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, புதுக் கவுன்சிலர்கள் வந்தபோது ஆறாம் வகுப்பில் இருந்தது.

அலுவலர்கள் வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அவர்களில் இரவு பகல் பாராமல் உழைத்தவர்கள் உண்டு. ஆனால் ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீர் வராத தெருவில் அவர்கள் வீடு இல்லை. முதியோர் உதவித்தொகை நின்றுபோன கிழவி மனு எழுதத் தெரியாமல் யார் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவாள்? கவுன்சிலர் வீட்டுத் திண்ணைதான் அவளுக்குத் தெரிந்த ஆபீஸ். கிராமங்களில் மறுபடியும் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து, பஞ்சாயத்துகள் தனி அலுவலர் கைக்குப் போயின. திருச்சுழிப் பக்கத்து உறவினர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இது சின்னப் பதவி என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ராஜாஜி முதலமைச்சர் ஆவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, 1917-இல் சேலம் நகராட்சித் தலைவர். பெரியார் ஈரோட்டு நகராட்சித் தலைவராக இருந்து குழாயில் குடிதண்ணீர் கொண்டுவந்தவர். நம்ம காமராசரோ 1941-இல் வேலூர்ச் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்ததும் அந்தப் பதவியை விட்டுவிட்டார். நாட்டு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, முழுதாகச் செய்ய முடியாத பதவியில் உட்காரக் கூடாது என்பது அவர் கொள்கை. பதவியைச் சின்னது என்று நினைத்து விடவில்லை. கூடவே இருந்து பார்க்க வேண்டிய பதவி என்பது தெரிந்ததால்தான் விட்டார்.

அந்த நாற்காலிக்கு மதிப்பில்லை என்றால் அதில் ஒருவரை உட்காரவிடாமல் தடுக்க யார் மெனக்கெடுவார்கள்? நம்ம மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல், மதுரைப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக, 1996-லிருந்து பத்து ஆண்டு இந்த நான்கு பஞ்சாயத்துகளிலும் தலைவர் என்று ஒருவர் நிலைத்து உட்கார முடியவில்லை. மனுப்போட ஆள் வரவில்லை, வந்து ஜெயித்தவர்களும் உடனே ராஜினாமா செய்தார்கள். 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்து, தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள். சட்டம் நாற்காலியைக் கொடுத்துப் பத்து ஆண்டு கழித்துத்தான் உரியவர் அதில் உட்கார்ந்தார்.

தாயி, உன் கேள்விக்கு இப்போது வருகிறேன்.

2016-இல் நம்ம மாநிலத்தில் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் எத்தனையோ இடங்களில் அம்மா பெயரில் பதவி, ஐயா கையில் பேனா. கூட்டத்துக்கு அம்மா வந்து கையெழுத்துப் போடுவார், வார்டுக்குள் ஐயா சுற்றுவார். ஊரும் ஐயாவைத்தான் "கவுன்சிலரே" என்று கூப்பிடும். அடாவடிக்காரர்களைவிட எனக்கு இதுதான் கவலை. உன் வீட்டுக்காரர் நல்லவர், எனக்குத் தெரியும். அவர் உனக்குத் துணையாக வரட்டும், உனக்குப் பதிலாக வரக் கூடாது. இதைத் தேர்தலுக்கு முன்பே வீட்டில் பேசி முடித்துக்கொள்.

நின்று ஜெயித்தால் நான்கு காரியம் செய். கூட்டத்தின் பொருள் பட்டியலை முதல் நாள் ராத்திரியே உட்கார்ந்து முழுதாகப் படி. நீ கணக்கு எழுதுகிறவள், எஸ்டிமேட் உனக்குப் புரியாமல் போகாது. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதே. யார் எதற்கு வந்தார்கள், எந்தத் தேதியில் வந்தார்கள், காரியம் முடிந்ததா என்று ஒரு நோட்டில் எழுது. வாரத்தில் ஒரு நாள் விடியற்காலையில், பாவு ஓட்டுகிற நேரத்தில், வார்டின் கடைசித் தெரு வரை நடந்து போய் வா. உனக்கு ஓட்டுப் போடாத தெருவும் அதில் சேர்த்தி.

இதற்கெல்லாம் நேரம் ஒதுக்க முடியுமா என்று யோசி. முடியும் என்றால் தைரியமாக நில். முடியாது என்று தோன்றினால் வேறு நல்ல ஆளைப் பார்த்து நிற்கச் சொல். அதிலும் கௌரவக் குறைச்சல் இல்லை, காமராசரே செய்ததுதான்.

உன் அத்தையிடம் நான் சொன்னதாகச் சொல். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் வேண்டாம் என்று ஒதுங்குகிற இடத்தில்தான் அடாவடிக்காரர்கள் வந்து உட்காருகிறார்கள். அவர்களை எழுப்ப வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சென்னை, திருப்பூர், வெளிநாடு என்று போய்விட்ட மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரில் உங்கள் அம்மா அப்பா இருக்கிற வார்டுக் கவுன்சிலர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். குறை இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். நல்லது செய்தால் அதையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அவர்களுக்குக் கிடைப்பதே இல்லை.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்