படம் கையில் இருக்கிறது, அனுமதி இருக்கிறதா?

 

மளிகைக் கடைக்காரர் ஒருவர் தம் கடையில் வந்திறங்கிய அரிசியைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் இடுகிறார். அந்த அரிசி அவருடையது. யாரிடமும் அவர் கேட்க வேண்டியதில்லை. ஆனால் கோப்பையிலும் பனியனிலும் மரச்சட்டத்திலும் வாடிக்கையாளர் விரும்பியபடி அச்சிட்டுக் கொடுப்பவர் தம் வேலைப்பாட்டைப் படமெடுத்து இட்டால், அதில் தெரிவது இன்னொருவருடைய முகம். இன்னொருவர் மகளின் பெயர். இன்னொரு வீட்டின் நிக்காஹ் நாள். பொருளைச் செய்தவர் ஒருவர், பொருளுக்குள் இருப்பவர் வேறொருவர். இந்த வேறுபாட்டைப் பற்றித்தான் இங்கே சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

காட்டாங்குளத்தூர்ப் பகுதியில் வாழ்வோருக்கு இத்தொழில் புதிதன்று. பொத்தேரி ரயில் நிலையத்தை ஒட்டி எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக வளாகம் இருப்பதால், ஜெராக்ஸ் எடுப்பது, ப்ராஜெக்ட் புத்தகங்களை பைண்டிங் செய்வது ஆகிய வேலைகளை நம்பி இங்கே பல குடும்பங்கள் வாழ்கின்றன. அத்தகைய கடைகள் சிலவற்றில் இப்போது ஒரு ஹீட் பிரஸ் இயந்திரமும் சேர்ந்திருக்கிறது. தனி மையால் தாளில் இடவலம் மாற்றி அச்சிட்ட படத்தைப் பூச்சுப் பூசிய கோப்பையின்மேல் சுற்றி, ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி வெப்பத்தில் சில நிமிடங்கள் அழுத்தினால், மை ஆவியாகிப் பூச்சுக்குள் படிந்துவிடும். பெரிய முதலீடு வேண்டாம். பாதிக் கடை இடம் போதும். எங்கள் மதரஸாவில் ஓதிச் சென்ற பிள்ளைகள் சிலரும் இதில் ஹலாலான வருவாய் ஈட்டுகின்றனர், அல்ஹம்துலில்லாஹ்.

இவர்களுக்குப் பெரிய பெயர்ப்பலகை இல்லை; நாளிதழில் விளம்பரம் செய்ய வசதியும் இல்லை. 2010ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட இன்ஸ்டாகிராமும், வாட்ஸ்அப்பின் ஸ்டேட்டஸும்தான் இவர்களுடைய கடைவீதி. கல்லூரி மாணவர்கள் அங்கே பார்த்துத்தான் ஆர்டர் கொடுக்கிறார்கள். ஆகவே, 'படம் போடாதீர்கள்' என்று ஒருவர் அறிவுரை சொன்னால், அது ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைக்கும் அறிவுரையாகிவிடும். உயிருள்ளவற்றின் உருவப்படம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; அதில் அவரவர் தமக்கு வழிகாட்டும் ஆலிம்களைக் கேட்டு நடந்துகொள்ளட்டும். நான் எழுப்பும் கேள்வி, படமெடுப்பது கூடும் என்று கொள்வோரின் முன்னும் நிற்கிற கேள்வியாகும்.

முன்பு நம் ஊர்களில் போட்டோ ஸ்டுடியோக்களின் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். மணமக்கள், கைக்குழந்தை, பட்டமளிப்பு உடையில் ஓர் இளைஞர் எனச் சில படங்கள் அதில் வெயிலில் வெளுத்துக்கொண்டிருக்கும். சென்னை ஆண்டர்சன் தெருவில் திருமண அழைப்பிதழ் அச்சிடச் சென்றால், முன்பு அச்சிட்ட அழைப்பிதழ்களை ஆல்பமாகக் காட்டுவார்கள். அவையும் மாதிரி காட்டிய விளம்பரங்களே. எனினும் அவற்றுக்கு ஓர் எல்லை இருந்தது. அத்தெருவில் நடந்தவர் பார்த்தார். பார்த்ததைத் தம்மோடு எடுத்துச் செல்ல அவரால் இயலவில்லை. இன்றைய கண்ணாடிப் பெட்டிக்குத் தெருவும் இல்லை, கதவும் இல்லை. பார்ப்பவர் யாரென்று கடைக்காரருக்கே தெரியாது. ஒரு தொடுதலில் படம் அவருடைய கைப்பேசியில் சேமிப்பாகிவிடும்.

இதன் சுமை எவ்வளவு என்பதை எங்கள் மஹல்லாவின் ஒரு தாயிடமிருந்து அறிந்தேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மகிழ்ச்சியில், வீட்டில் எடுத்த குடும்பப் படம் ஒன்றைச் சட்டமிட்டுத் தருமாறு ஒரு கடைக்கு அனுப்பியிருக்கிறார். வீட்டுக்குள் எடுத்த படம்; அந்தப் பிள்ளை தலையில் முக்காடு இல்லாமல் தந்தையின் தோளில் சாய்ந்திருக்கும் படம். வேலை அழகாக முடிந்தது. மூன்றாம் நாள் ஷார்ஜாவிலிருந்து உறவினர் ஒருவர், "இது நம் பிள்ளைதானே?" என்று கேட்டு அதே படத்தை அந்தத் தாய்க்கு அனுப்பினார். கடையின் பக்கத்தில், பிள்ளையின் பெயரோடும் வாழ்த்தோடும் அது வெளியாகியிருந்தது.

அந்தத் தாய் என் மனைவியிடம் வந்து அழுதார். கடைக்காரரைக் கேட்டபோது அவர் உடனே படத்தை நீக்கிவிட்டார், மன்னிப்பும் கேட்டார். அவருக்குத் தீய எண்ணம் ஏதுமில்லை. "வேலை நன்றாக வந்தது, அதனால்தான் போட்டேன்" என்றாராம். நான் அதை நம்புகிறேன். ஆனால் அந்தப் பிள்ளை, அதற்குள் யார் யார் பார்த்தார்களோ என்ற நினைப்பில் ஒரு வாரம் டியூஷனுக்குச் செல்ல மறுத்தாள். நீக்குவது கடைக்காரரின் கையில் இருந்தது. பார்த்தவர்களின் கண்ணிலிருந்து திரும்பப் பெறுவது எவர் கையிலும் இல்லை.

சில நாள் கழித்து, அதே தொழிலில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், அவங்களே நம்ம வாட்ஸ்அப்புக்கு அனுப்புற படம்தானே? நாம திருடலையே. செஞ்ச வேலையைக் காட்டக் கூடாதா?"

நியாயமான கேள்வி. அவர் எங்களிடம் கிதாபு ஓதியவர் என்பதால், கிதாபிலிருந்தே விடை சொன்னேன். ஹதீஸ் கலையில், ஓர் ஆசிரியரிடமிருந்து அறிவிப்புகளைப் பெறும் வழிகள் எட்டு என்று ஹிஜ்ரி 643இல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் அவர்கள் வகைப்படுத்தியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று முனாவலா. ஆசிரியர் தம் நூலை மாணவரின் கையில் கொடுப்பது. கொடுக்கும்போதே 'இதை என்னிடமிருந்து நீ அறிவிக்கலாம்' என்று இஜாஸாவும், அதாவது அனுமதியும், அளித்தால் அது உயர்ந்த நிலை. நூலைக் கொடுத்துவிட்டு அனுமதி அளிக்காவிட்டால்? சிலர் அதை ஏற்றிருந்தாலும், அது குறையுள்ள வழி, அதைக்கொண்டு அறிவிப்பது கூடாது என்பதே இமாம் அவர்களின் முடிவு.

அறிவைப் பரப்புவதே நோக்கமான ஒரு கலையில், கையில் கொடுப்பது வேறு, பிறரிடம் எடுத்துச் சொல்ல அனுமதிப்பது வேறு என்று நம் முன்னோர் இவ்வளவு நுட்பமாகப் பிரித்தார்கள். அப்படியிருக்க, வணிகத்துக்காக ஒரு குடும்பத்தின் படத்தை ஊருக்குக் காட்டுவதில் எவ்வளவு பேணுதல் வேண்டும்? "வாட்ஸ்அப்பில் வந்தது முனாவலா, தம்பி. இஜாஸா இன்னும் வரவில்லை" என்றேன். அவர் சிரித்துவிட்டார்; ஆனால் புரிந்துகொண்டார்.

அனுமதி கேட்டல் என்பது நம் மார்க்கத்தில் வெறும் நாகரிகம் அன்று. பிறர் வீட்டினுள் நுழையுமுன் அனுமதி பெறவும், திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் திரும்பிவிடவும் சூரா அந்நூர் நமக்குக் கட்டளையிடுகிறது. நபி (ஸல்) அவர்களின் அறையினுள் ஒருவர் துவாரம் வழியாக எட்டிப் பார்த்த நிகழ்ச்சி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. அனுமதி கேட்கும் சட்டமே பார்வையின் பொருட்டுத்தான் ஏற்படுத்தப்பட்டது என்று அண்ணலார் அப்போது உணர்த்தினார்கள். கால் வாசற்படியைத் தாண்டுவது மட்டும் நுழைவன்று. கண் தாண்டுவதும் நுழைவே. வீட்டுக்குள் எடுத்த படத்தைப் பொதுவில் இடுவது, அந்த வீட்டின் கதவை வீட்டாரைக் கேட்காமல் நாம் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும்.

நாட்டுச் சட்டமும் இதே திசையில்தான் செல்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் என்பது இன்ன நோக்கத்துக்கு என்று குறிப்பிட்டுப் பெறப்பட வேண்டும் என்றும், கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறலாம் என்றும், 18 வயது நிறையாதோருக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றும் கூறுகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, கட்டணம் கொடுத்து எடுக்கச் சொன்ன நிழற்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையெனில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். படமெடுத்த ஸ்டுடியோக்காரருக்கே இல்லாத உரிமை, அதைக் கோப்பையில் ஒட்டிக் கொடுத்தவருக்கு எங்கிருந்து வரும்?

அனுமதி ஒரு பாதி, உண்மை மறுபாதி. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்டதும், நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கண்டித்ததும் நாம் அறிந்த ஹதீஸ். இன்று ஈரம் படத்துக்குள் மறைகிறது. செய்யாத பொருளைக் கணினியிலேயே செய்ததுபோல் காட்டும் 'மாக்கப்' படங்கள், நிறத்தைக் கூட்டும் ஃபில்டர்கள் ஆகியவை அத்தகையவை. திரையில் ஒளிரும் நிறங்கள் பலவற்றை மையால் கொண்டுவர இயலாது. பளபளக்கும் பச்சையைக் கண்டு ஆர்டர் கொடுத்தவருக்கு மங்கிய பச்சைதான் கிடைக்கும். மை ஆவியாகிப் படியும் முறை பாலியஸ்டர் துணிக்கே உரியது. பருத்தி பனியனுக்கு வேறு முறை வேண்டும். இவற்றை அறிந்த வணிகர் படத்தின் கீழே ஒரு வரி எழுதிவிட்டால் அவருடைய தானியத்தின் ஈரம் மேலே வந்துவிடும்.

அரபு எழுத்துகளிலும் ஓர் எச்சரிக்கை தேவை. சில வடிவமைப்பு மென்பொருள்களில் அரபு எழுத்துகள் ஒன்றோடொன்று இணையாமல், இடமிருந்து வலமாகத் தலைகீழாக விழுந்துவிடுகின்றன. அப்படி உருக்குலைந்த பிஸ்மியைச் சட்டமிட்டு, அழகிய ஒளியில் படமெடுத்து இட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அச்சிடுமுன் அரபு தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். எந்த மதரஸாவிலும் இதற்குக் கட்டணம் கேட்கமாட்டார்கள்.

என் மாணவர் இப்போது செய்வதைச் சொல்கிறேன், பிறருக்கும் பயன்படலாம். ஆர்டர் நோட்டில் 'பக்கத்தில் போடலாமா?' என்று ஒரு கட்டம் வரைந்திருக்கிறார். வேலையைத் தொடங்குமுன்பே, தள்ளுபடி ஆசை காட்டாமல், கேட்கிறார். 'வேண்டாம்' என்றால் ஏன் என்று கேட்பதில்லை. பதில் சொல்லாமல் இருந்தால் அதையும் 'வேண்டாம்' என்றே கொள்கிறார். பெண்கள், பிள்ளைகள் படமென்றால் அனுமதி கிடைத்தாலும் முகத்தைக் காட்டுவதில்லை. நிக்காஹ் அழைப்பிதழைக் காட்டும்போது முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மறைத்துவிடுகிறார். வீட்டார் அனைவரும் மண்டபத்தில் இருக்கப்போகும் நாளையும் வீட்டு முகவரியையும் சேர்த்து ஊருக்கு அறிவிப்பது யாருக்கு உதவும் என்று சிந்தியுங்கள். வேலை முடிந்து பொருளைக் கொடுத்த பிறகு கோப்பைக் கணினியிலிருந்து அழித்துவிடுகிறார்.

அப்படியானால் எதைக் காட்டுவது? அவர் தம் கைகளைக் காட்டுகிறார். சூடான கோப்பையிலிருந்து தாளை உரிக்கும்போது நிறம் வெளிப்படும் அந்தச் சில நொடிகளைக் காணொளியாக இடுகிறார். அவர் பக்கத்தில் மிகுதியாகப் பார்க்கப்படுவது அதுதான். மாதிரிக்குத் தம் சொந்தப் பெயரையும் கடை வாசலின் வேப்பமரத்தையும் அச்சிட்டு, ஃபில்டர் இன்றிப் பகல் வெளிச்சத்தில் படமெடுக்கிறார். விலையை மறைக்காமல் எழுதுகிறார். முதல் சில மாதங்களில் ஆர்டர் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு, 'உங்கள் கடையில் கொடுத்தால் படம் வெளியே போகாதாமே' என்று கேட்டுக்கொண்டு நம் பெண்கள் வரத் தொடங்கினார்கள். கல்லூரி விடுதியில் தங்கியிருக்கும் மாற்றுமதப் பிள்ளைகளும் வருகிறார்கள். முகத்தைப் பேணுவது எல்லா வீட்டுப் பெண்களுக்கும் வேண்டியதுதானே!

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். படத்தை அனுப்பும்போதே 'இதை எங்கும் பகிர வேண்டாம்' என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். கடைக்காரர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டுப் பிள்ளையின் படத்தைப் பரிசுக்காக அனுப்புமுன் அந்தப் பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள். முகம் அவளுடையது, முதல் அனுமதியும் அவளிடமிருந்தே வர வேண்டும்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறைகளைத் தெளிவாக்கினால் அவர்களுடைய வணிகத்தில் பரக்கத் உண்டாகும் என்பது நபிமொழி தரும் நற்செய்தி. நம்மை நம்பிக் கொடுத்த ஒரு சிறு படமும் அமானிதமே. மறுமையில் அதைப் பற்றியும் கேட்கப்படுவோம். நம் கைகள் செய்யும் வேலையில் அழகையும், கண்கள் பார்ப்பதில் பேணுதலையும், வருவாயில் பரக்கத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.