மண் கேட்காத மகராசி

ஆர்க்கிட் என்றதும் பலருக்கு இரண்டு விஷயங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, ரிசப்ஷன் மேடையில் மணமக்களுக்குப் பின்னால் சாத்தியிருக்கும் ஊதாப் பூ. இரண்டு, அதன் விலை. கண்ணாடி வீடு கட்டி, ஏ.ஸி. போட்டு, பங்களாவாசிகள் வளர்க்கிற சமாசாரம் இது என்று ஒரு பேச்சு உண்டு. நம்பாதீர்கள். இது வாடகை வீட்டுக்காரர்களுக்கென்றே படைக்கப்பட்ட செடி.

ஏனென்றால் ஆர்க்கிட்டே ஒரு குடித்தனக்காரர்தான். காட்டில் முக்கால்வாசி ஆர்க்கிட்கள் மரத்தின் மேல்தான் வாசம். தாவரவியல்காரர்கள் 'தொற்றுத் தாவரம்' என்பார்கள். உடனே புல்லுருவியோடு சேர்த்துத் திட்டிவிடக் கூடாது. புல்லுருவி மரத்துக்குள்ளேயே வேரை விட்டுச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் கேட்பது உட்கார ஓர் இடம், அவ்வளவுதான். சாப்பாடு தண்ணியெல்லாம் சொந்த ஏற்பாடு. மழை, பனி, மரப்பட்டையில் ஒதுங்கும் மட்கிய இலை, இதுவே போதும். சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காத குடித்தனக்காரர். இப்படி ஒருத்தர் கிடைக்க ஹவுஸ் ஓனர்கள் தவம் கிடக்க வேண்டும்!

உலகத்தில் ஆர்க்கிட் வகைகள் 25,000க்கும் மேல். இந்தியாவில் மட்டும் 1,200ஐத் தாண்டும். ஐஸ்க்ரீமில் மணக்கிறதே வனிலா, அதுவும் ஓர் ஆர்க்கிட் கொடியின் காய்தான். ஏற்காடு போகிறவர்கள் லேடீஸ் சீட்டில் நின்று போட்டோ எடுத்த கையோடு, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம்.

எங்கள் வீட்டுக்கு இது வந்த கதைக்கு வருகிறேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் சென்னையில் ஏழு வீடு பார்த்தாகிவிட்டது. என் மனைவிக்குச் செடி என்றால் உயிர். ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது நட்டுவிடுவாள். முதல் வீட்டில் மல்லி. இரண்டாவதில் கறிவேப்பிலை. மேற்கு மாம்பலம் வீட்டில் வைத்த நந்தியாவட்டை காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி, தெருவில் போகிறவர்கள் சாமிக்குப் பறிக்கிற அளவுக்கு வளர்ந்தது. காலி பண்ணும்போது கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் டெம்போவில் ஏறின. நந்தியாவட்டை ஏறவில்லை. மரம்போல் வேர் பிடித்ததை எப்படிப் பிடுங்குவது? டெம்போ சைதாப்பேட்டை தாண்டும்வரை அவள் பேசவேயில்லை. "இனிமே எந்த வீட்லயும் நான் ஒண்ணும் வைக்கப் போறதில்லைங்க" என்றாள். சொன்ன மாதிரியே அடுத்த இரண்டு வீடுகளில் ஒரு துளசிகூடக் கிடையாது. காலையில் காப்பி டம்ளரோடு பால்கனிக்குப் போவாள். வெறும் கிரில் கம்பியைப் பார்த்துக்கொண்டே குடித்துவிட்டு வருவாள்.

ஆறாவது வீட்டு ஓனர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "மாடியில மண் சட்டி வைக்கக் கூடாது சார். தண்ணி ஒழுகித் தளம் போயிடும்."

அந்த வருஷம் ஒரு மலர்க் கண்காட்சிக்கு அவளை வலுக்கட்டாயமாக அழைத்துப் போனேன். ஒரு நர்சரிக்காரர் கடையில் சின்னச் சின்னச் சட்டிகள் கம்பியில் தொங்கின. உள்ளே எட்டிப் பார்த்தவள், "என்னங்க, அடுப்புக்கரி இல்ல இருக்கு? மண்ணையே காணோம்!" என்றாள்.

"இதுக்கு மண்ணே ஆகாதும்மா. போட்டா செத்துடும்" என்றார் அவர்.

என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். பூ இல்லாத இளஞ்செடி, 300 ரூபாய். பேரம் பேசாமல் அவள் வாங்கிய முதல் பொருள் அதுதான்.

அவர் சொல்லிக் கொடுத்ததும், அப்புறம் அனுபவத்தில் தெரிந்ததும் சேர்த்துப் புதியவர்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சென்னை மாதிரி ஊருக்கு டென்ட்ரோபியம்தான் சரி. மேடை அலங்காரத்தில் பார்க்கிறோமே, 'சோனியா' என்கிற ஊதாவும் வெள்ளையும் கலந்த பூ, அது இந்த ஜாதிதான். வெயிலும் புழுக்கமும் அதற்குப் பழகினது. பட்டாம்பூச்சி மாதிரி பெரிய பூ வைத்துக்கொண்டு கண்ணைப் பறிக்கும் ஃபெலனாப்சிஸ் தலைதீபாவளி மாப்பிள்ளை மாதிரி. வாங்கின பூ வாரக்கணக்கில் நிற்கும். ஆனால் மறுபடி பூங்கொத்து விட, சில வாரம் குளுமை வேண்டும் என்று முறுக்கிக்கொள்ளும்.

சட்டியில் நிறைய ஓட்டை இருக்க வேண்டும். மரக்கரித் துண்டு, செங்கல் ஜல்லி, தேங்காய் மட்டைத் துண்டு போதும். கரிக்கு எங்கேயும் அலைய வேண்டாம். தெருமுனை இஸ்திரிக்காரரிடம் ஒரு சின்னப் பை கேட்டால் கொடுப்பார்.

அடுத்தது தண்ணீர். செடிகள் போய்ச் சேருவது பெரும்பாலும் இதில்தான். ஆர்க்கிட் வேருக்கு மேல் பஞ்சு மாதிரி ஓர் உறை உண்டு. ஈரமாக இருந்தால் பச்சை தெரியும். காய்ந்தால் வெள்ளி நிறமாகிவிடும். வெள்ளியானால் தண்ணீர் விடுங்கள். பச்சையாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருங்கள். எதிர் வீட்டு மாமி எங்களைப் பார்த்து ஒன்று வாங்கினார். பாசத்தில் மூன்று வேளையும் ஊற்றினார். ஒரே மாதத்தில் வேர் அழுகி அது சிவலோகப் பதவி அடைந்தது. இந்தச் செடி பட்டினியைக்கூடக் கொஞ்சம் பொறுக்கும், பாசத்தைத்தான் பொறுக்காது. உப்பு போர்வெல் தண்ணீரும் ஆகாது. மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் அதற்கு அமிர்தம்.

வெளிச்சம் நிறைய வேண்டும். உச்சி வெயில் நேராக விழக் கூடாது. நிழல் வலை கட்டினால் உத்தமம். இலை கரும்பச்சையாக இருந்தால் "ஆஹா, செழிப்பு!" என்று மகிழாதீர்கள். அது வெளிச்சம் போதாமல் இருக்கிறது, பூக்காது. இளம்பச்சைதான் ஆரோக்கியம். உரம் வாரம் ஒரு தடவை, ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம். அதற்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று. இலையெல்லாம் உதிர்ந்து மொட்டைக் குச்சியாக நிற்கிறதே என்று பழைய தண்டை வெட்டிவிடாதீர்கள். அதற்குள் சேர்த்து வைத்த தண்ணீரும் உணவும் இருக்கிறது. புதுத் தண்டு வளர அதுதான் கொடுத்து உதவுகிறது. பென்ஷன் வாங்குகிற தாத்தா மாதிரி, மூலையில் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும்; குடும்பம் ஓடுவது அவரால்தான்.

எங்கள் செடி பூக்க ஒன்றேகால் வருஷம் ஆயிற்று. தண்டின் நுனியில் பச்சையாக ஒரு மூக்கு நீண்டது. அப்புறம் மொட்டு. ஒரு வியாழக்கிழமை காலை முதல் பூ. காப்பி டம்ளரோடு பால்கனிக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் காப்பி ஆடை கட்டியிருந்தது. "இதை விட்டுட்டுப் போக வேண்டாம் இல்லீங்களா?" என்றாள். பூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கொத்து ஒன்றரை மாதம் நின்றது. அது வாடுவதற்குள் கிரில் கம்பியில் சட்டிகள் ஐந்தாகிவிட்டன.

வழக்கம் போல ஓனரின் பையன் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தான். (இவர்களுடைய பையன்கள் மட்டும் எப்போதும் திரும்பி வந்துகொண்டே இருக்கிறார்கள்.) காலி பண்ண ஒரு மாத டயம். இந்தத் தடவை என் மனைவி அழவில்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது. டென்ட்ரோபியம் சில சமயம் தண்டின் மேலேயே குட்டி போடும். 'கெய்க்கி' என்பார்கள்; ஹவாய் மொழியில் குழந்தை என்று அர்த்தம். குட்டிக்குச் சொந்த வேர் இரண்டு அங்குலம் வளர்ந்ததும் தனியாக வெட்டி எடுக்கலாம். எடுத்தாள். ஒரு முழம் தேங்காய் நார்க் கயிறும் எடுத்துக்கொண்டாள். நேராகக் கீழே இறங்கிப் போய், ஓனரின் மாமரத்தில் கவட்டைக்குக் கீழே, நிழல் பார்த்து, நோகாமல் கட்டினாள்.

ஓனர் பதறிப் போய் வந்தார். "என்னம்மா இது? மரத்துக்கு ஏதும் ஆயிடாதே?"

"ஒண்ணும் ஆகாது சார். அதுபாட்டுக்கு ஓரமா இருக்கும்" என்றாள்.

டெம்போ கிளம்பியது. மடியில் இரண்டு சட்டி, காலடியில் மூன்று. சைதாப்பேட்டை வருவதற்குள் புது வீட்டுப் பால்கனி கிழக்கா மேற்கா என்று என்னிடம் நாலு தடவை கேட்டுவிட்டாள்.

போன மாதம் பழைய ஓனர் போன் பண்ணினார். பாக்கி அட்வான்ஸ் விஷயமாக்கும் என்று ஆவலாக எடுத்தேன். இல்லை. "சார், அந்தச் செடி மரத்தை நல்லாப் பிடிச்சுக்கிச்சு. மொட்டு விட்டிருக்கு. தண்ணி ஊத்தலாமான்னு அம்மாகிட்டே கேட்டுச் சொல்றீங்களா?"