இடுப்பில் முக்கால் கிலோ

என் அப்பா 30 வருடங்களுக்கு மேல் இடுப்பில் ரிவால்வரை வைத்துக்கொண்டு மிளகுத் தரகு செய்தவர். சொன்னால் யாரும் நம்புவதில்லை. வட இந்தியா என்றால் நம்புவார்கள். 2016 டிசம்பர் முடிய நாட்டில் இருந்த சுமார் 33.69 லட்சம் துப்பாக்கி லைசென்ஸ்களில் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் இருந்தன. அங்கே கல்யாண ஊர்வலத்திலும் துப்பாக்கி வரும். கொச்சி மட்டாஞ்சேரியில், வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, கக்கத்தில் குடை என்று பஜார் ரோட்டில் நடந்துபோகும் போடிநாயக்கனூர்க்காரர் ஒருவரின் இடுப்பில் தோட்டா நிரப்பிய ரிவால்வர் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? யாரும் நினைக்கக் கூடாது என்பதுதான் அப்பாவின் கொள்கை.

அவர் அதை வாங்கிய காரணம் எளிமையானது. அன்றைய மிளகு வியாபாரம் ரொக்க வியாபாரம். கட்டப்பனையிலும் குமுளியிலும் விவசாயி மூட்டையை எடை போட்ட இடத்திலேயே பணத்தை எண்ணி வைக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள், ரெக்சின் பையில் பணத்தை வைத்துக்கொண்டு அப்பா மலை ஏறுவார். அவருக்குத் தெரிந்த ஒரு தரகரை மலைப்பாதையில் ஜீப்பை மறித்து அடித்துப் பணத்தைப் பறித்தார்கள். அடுத்த மாதமே அப்பா லைசென்ஸுக்கு எழுதிப்போட்டார். கிடைத்ததும் வாங்கியது ஒரு பழைய வெப்ளி அண்ட் ஸ்காட், .32 குண்டளவு, பர்மிங்காம் தயாரிப்பு. துப்பாக்கியை நடுவில் மடக்கினால் தோட்டா அறை மேலே திறந்துகொள்ளும். ஆறு அறையில் ஐந்தைத்தான் நிரப்புவார். சுத்தியலுக்கு நேர் கீழே உள்ள அறை காலியாக இருக்கும். கீழே விழுந்தாலும் வெடிக்காமல் இருக்க அந்தக் காலத்து ஆட்கள் செய்துவந்த ஏற்பாடு அது.

பயிற்சிக்காகச் சுட்டதைத் தவிர அது ஒரு முறையும் வெடித்ததில்லை. “வெடிக்காம இருந்ததுதான் அதோட வேலை” என்பார். இதற்கு என்னிடம் பதில் கிடையாது. புலி வராததற்குக் காரணம் கையிலிருந்த தாயத்துதான் என்று சொல்பவரிடம் என்ன வாதம் செய்ய முடியும்?

இப்போது அவருக்கு 78 வயது. இரண்டு வருடமாக மறதி. முதலில் மூக்குக் கண்ணாடி, பிறகு பேரேட்டில் நேற்று எழுதிய வரி, பிறகு பெயர்கள். ஒரு நாள் காலை என் மனைவி சமையலறையில் அரிசி டிரம்மின் மூடி மேல் ரிவால்வரைப் பார்த்தாள். ஐந்து தோட்டாவும் உள்ளே இருந்தன. நாலாம் வகுப்புப் படிக்கும் எங்கள் பெண் அந்த டிரம்மின் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

துப்பாக்கியை அவரிடமிருந்து வாங்கிவிட வேண்டும் என்பதில் வீட்டில் இரண்டு கருத்து இல்லை. சட்டமும் இதற்கு வழி வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ் வைத்திருப்பவர் 70 வயதைத் தொட்டாலோ, 25 வருடம் ஆயுதத்தை வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசின் பெயருக்கு மாற்றக் கேட்கலாம். வாரிசும் மற்றவர்களைப் போலப் போலீஸ் விசாரணையைக் கடந்து, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அப்பா ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை. “அலமாரியில பூட்டி வெக்கறதுக்கு நான் தரமாட்டேன். நீ தினமும் இடுப்புல வெச்சுக்கணும். பழசு கனமா இருந்தா வித்துட்டுச் சின்னதா ஒரு பிஸ்டல் வாங்கிக்கோ.”

மறதி வந்தவரிடம் பொய்ச் சத்தியம் செய்வது சுலபம். செய்ய மனம் வரவில்லை. நிஜமாகவே தினமும் வைத்துக்கொள்ள ஏற்ற சின்னத் துப்பாக்கி எது என்று ஆறு மாதம் விசாரித்தேன்.

இதே கேள்வியை அமெரிக்காவில் கேட்டால் கடைக்காரர் 50 மாதிரிகளைப் பரப்பிவைப்பார். 2018இல் வந்த சிக் பி365 என்ற பிஸ்டலை அங்கே கொண்டாடினார்கள். சுமார் அரைக் கிலோ எடை, ஓர் அங்குலத் தடிமன், 9 மி.மீ. தோட்டா பத்து. நம் நாட்டில் அந்த 9 மி.மீ. தோட்டாவே சாமானியர்களுக்குக் கிடையாது. ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் குண்டளவுகள் நமக்கு விலக்கு. மிஞ்சுவது பெரும்பாலும் .32, அல்லது அதைவிடச் சின்ன .22. இறக்குமதி 1980களின் நடுவிலிருந்து சாதாரண லைசென்ஸ்காரர்களுக்கு அடைபட்டுவிட்டது. ஜேம்ஸ் பாண்ட் புகழ் வால்தர் பிபிகே வேண்டுமானால், தடைக்கு முன் வந்த பழைய துப்பாக்கியை யாராவது விற்றால்தான் உண்டு. விலை லட்சங்களில். அதே தோட்டாவைச் சுடும் துப்பாக்கிதான். வெளிநாட்டு முத்திரைக்குத்தான் அந்த விலை.

ஆகவே அலமாரியில் இருப்பவை சில சர்க்காரி சரக்குகள். அசனி என்ற .32 பிஸ்டல். நிர்பீக் என்ற .32 ரிவால்வர், டைட்டானியம் கலவை, எடை 500 கிராம். 2012 டெல்லி கொடூரத்துக்குப் பிறகு பெண்களுக்கானது என்று 2014 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. அன்றைய விலை 1,22,360 ரூபாய். ஒரு டீச்சரோ நர்ஸோ அந்தப் பணத்துக்கு எங்கே போவாள் என்று அப்போதே கேட்டார்கள். நிடர் என்ற .22 ரிவால்வர், கால் கிலோதான். 2023 ஆகஸ்டில் கான்பூரிலிருந்து பிரபல் வந்தது. சுமார் 700 கிராம், 50 மீட்டர் வரை சுடும், தோட்டா அறை பக்கவாட்டில் திறக்கும். உள்நாட்டுத் தனியார் தயாரிப்புகளும் சில வந்திருக்கின்றன. பெயர்களைக் கவனியுங்கள். நிர்பீக், நிடர் இரண்டுக்கும் பொருள் அஞ்சாதவர். வாங்கப் போகிறவன் அஞ்சித்தானே போகிறான்? அசனி மட்டும் நமக்குப் பழக்கமான சொல், இடி.

பிஸ்டலா, ரிவால்வரா? பிஸ்டல் தட்டையானது, சட்டைக்குள் தெரியாது. ரிவால்வரின் உருளை துருத்திக்கொண்டு நிற்கும். ஆனால் பழைய பாணிப் பிஸ்டலைக் குழலில் தோட்டாவுடன் இடுப்பில் வைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் போதாது. குழலைக் காலியாக வைத்தால், ஆபத்து வரும்போது மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்துவிட இரண்டு கையும் வேண்டும். எனக்கு ஒரு கையில் பை. ஜூன் முதல் மட்டாஞ்சேரியில் இன்னொரு கையில் குடை. கொள்ளைக்காரனிடம் “கொஞ்சம் குடையைப் பிடி” என்றா சொல்வது? ரிவால்வருக்கு ஒரு கை போதும், விசையை அழுத்தினால் சரி. அந்த வகையில் அப்பாவின் பழைய வெப்ளியே தேவலை.

அடுத்தது, எங்கே வைப்பது. ஆங்கிலப் புத்தகங்கள் பெல்ட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. வேட்டிக்கு ஏது பெல்ட்? அப்பா வேட்டிக்கு மேல் அகலமான தோல்பட்டை ஒன்றைக் கட்டி, அதில் உறையைக் கோத்திருந்தார். மலபார் மாப்பிள்ளை வியாபாரிகள் கட்டும் பட்டை மாதிரி. கொச்சியின் உப்புக் காற்றிலும் வியர்வையிலும் இரும்பு ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். தினமும் இரவில் எண்ணெய் போட்டுத் துடைப்பார். தோல் உறையில் மழைக்காலம் முழுக்கப் பூஞ்சை.

விதியோ கண்டிப்பானது. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள் இருக்க வேண்டும், முழுக்க மூடியிருக்க வேண்டும், வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். மறைத்து வைப்பது அமெரிக்காவில் தனிச் சலுகை என்றால், இங்கே அதுவே கடமை. சரி, கேரளத்துக் கோவில்களில்? பலவற்றில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்பா பழயன்னூர் பகவதியை 30 வருடமாகச் சாயங்காலம் தரிசித்ததே இல்லை. காலையில், கடைக்குப் போவதற்கு முன், துப்பாக்கி இல்லாமல் போய்விட்டு வருவார். இதை அவர் குறையாகச் சொன்னதில்லை. நான் விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான் அம்மா சொன்னாள்.

காகிதங்களின் கதை வேறு. லைசென்ஸ் எந்த எல்லைக்குள் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். அப்பாவுடையது கேரளத்துக்குள் மட்டும். எங்கள் வியாபாரமோ பாதி போடியிலும் கம்பத்திலும். குமுளி செக்போஸ்ட் வரைக்கும் அவர் பாதுகாப்புடன் போனவர். அதைத் தாண்டி ஓரடி வைத்தால் அதே ரிவால்வர் சட்டவிரோத ஆயுதம். அதனால் ஏலத்துக்குப் போகும் நாட்களில், அதாவது பை மிகக் கனமாக இருந்த நாட்களில், துப்பாக்கி வீட்டில் இருந்தது.

தேர்தல் வந்தால் ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும். ஒவ்வொரு லைசென்ஸையும் பரிசீலித்துத்தான் ஆயுதத்தைக் கேட்க வேண்டும் என்பது ஏட்டில் உள்ளது. நடைமுறையில் அப்பா ஒரு தேர்தலையும் துப்பாக்கியுடன் கழித்ததில்லை. வாரக்கணக்கில் அது வீட்டில் இருக்காது. 2024 ஜூனில் நடிகர் கருணாஸின் கைப்பையில் 40 தோட்டாக்கள் சென்னை விமான நிலையத்தில் அகப்பட்டது நினைவிருக்கலாம். லைசென்ஸ் உள்ளவர்தான், துப்பாக்கியைத் தேர்தலுக்காகப் போலீஸிடம் ஒப்படைத்திருந்தார், தோட்டாக்கள் பையில் தங்கிவிட்டன. தினமும் தூக்கிச் சுமப்பவனுக்கு இப்படித்தான் ஆகும். எந்தப் பையில் என்ன இருக்கிறது என்று ஆயுள் முழுக்க நினைவு வைத்திருக்க வேண்டும். நான் பேசிக்கொண்டிருப்பதோ நினைவு கழன்றுகொண்டிருக்கும் ஒருவரின் வீட்டைப் பற்றி.

அதே வருடம் அக்டோபர் 1ஆம் தேதி விடிகாலை, ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இந்தி நடிகர் கோவிந்தாவின் காலில் அவருடைய லைசென்ஸ் ரிவால்வரே சுட்டது. வீட்டுக்குள், யாரும் தாக்காமல். அந்தச் செய்தியை என் மனைவி பேப்பரிலிருந்து வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ஒன்றும் பேசவில்லை.

இத்தனைக்கும் பிறகு துப்பாக்கியை எடுத்தேன் என்றே வைத்துக்கொள்வோம். கொள்ளையடிக்க வருபவனுக்கு எதிராகத் தற்காப்பு உரிமை உயிரைப் போக்கும் அளவுக்கும் நீளும் என்று பழைய தண்டனைச் சட்டமும் சொன்னது, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் சொல்கிறது. தேவைக்கு மேல் தீங்கு கூடாது என்றும் சேர்த்தே சொல்கிறது. அந்தத் தேவையை நான் அரை நொடியில் அளக்க வேண்டும். கோர்ட் அதை வருடக்கணக்கில் அளக்கும். வருடத்தில் ஒரு பெட்டித் தோட்டாவைச் சுட்டுப் பழகியவனுக்கு அந்த அரை நொடியில் கை நிற்குமா என்பது எனக்குத் தெரியும். பயிற்சியில், பத்து மீட்டரில், யாரும் என்னை அடிக்க வராதபோதே நின்றதில்லை.

இதைவிடப் பெரிய விஷயம், பையில் இப்போது பணமே இல்லை. 2016 நவம்பரில் நோட்டுகள் செல்லாமல் போனதும், 2017 ஏப்ரல் முதல் ஒருவரிடம் ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வந்ததும் எங்கள் தெருவின் பழக்கத்தை மாற்றிவிட்டன. கட்டப்பனை விவசாயி மூட்டையை இறக்கிவிட்டு போனைப் பார்க்கிறார். பணம் ஏறியிருந்தால் தலையாட்டுகிறார். நான் மலைக்கு எடுத்துப்போவது சாம்பிள் பொட்டலமும் டீச் செலவுக்கு 500 ரூபாயும். இதற்குக் காவலாக முக்கால் கிலோ இரும்பைச் சுமந்தால், வழிப்பறிக்காரனுக்கு என்னிடமிருந்து பிடுங்கத் தக்க ஒரே பொருள் அந்தத் துப்பாக்கியாகத்தான் இருக்கும்.

இதை அப்பாவிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. நல்ல நினைவு இருக்கும் காலை நேரங்களாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். மாற்ற மாட்டேன், வைத்துக்கொள்ள மாட்டேன், டீலரிடம் ஒப்படைத்துவிடலாம் என்றேன். கோபப்பட்டார். இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் கேட்டார்: “குட்டி அன்னிக்கு டிரம் பக்கத்துலயா இருந்தா?”

“ஆமாம்ப்பா.”

“எத்தனை தோட்டா இருந்துது?”

“அஞ்சு.”

மறுவாரம் ஆட்டோவில் எர்ணாகுளம் போனோம். லைசென்ஸ் உள்ள டீலரின் கடையில் அப்பாவே ரிவால்வரை மடக்கித் திறந்து, அறைகள் காலி என்று காட்டிவிட்டு மேஜை மேல் வைத்தார். அந்த நேரம் கை நடுங்கவில்லை. தோட்டாக்களை எண்ணி, லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள கணக்கோடு ஒத்துப்பார்த்தார்கள். ரசீதை அப்பா இரண்டு முறை படித்தார், துப்பாக்கி நம்பரில் ஓர் எண் தெளிவாக இல்லை என்று திருப்பி எழுதச் சொன்னார். காக்கநாடு கலெக்டரேட்டுக்குப் போக வேண்டிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

உறையையும் தருகிறீர்களா என்று கடைக்காரர் கேட்டார். தோலுக்கு லைசென்ஸ் உண்டா என்று அப்பா கேட்டார். இல்லை என்றதும் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.