கைவேகமில்லாத பிள்ளை

கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். 2019ஆம் ஆண்டு எங்கள் பிரிவுக்குப் புத்தளத்திலிருந்து ஒரு பிள்ளை புதிதாக வந்து சேர்ந்தாள். வாப்பா இல்லை. அவளுடைய சம்பளத்தை நம்பி வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள்.

எங்கள் கோப்புகள் எல்லாம் சேர்வர் என்ற ஒரே பெட்டியில்தான் இருக்கின்றன. எட்டுப் பேரும் தத்தம் மேசையிலிருந்து வயர் வழியாக அதைத் திறந்து வேலை செய்கிறோம். ஸ்கேன் செய்த பில் கட்டுகளைச் சரிபார்ப்பது அந்தப் பிள்ளையின் வேலை. மற்றவர்கள் ஐந்து மணிக்கு எழும்பிப் போக, அவள் மட்டும் மஃரிபுக்குப் பிறகும் இருப்பாள். "சேர்வர் சுணங்குது ராத்தா" என்று ஓரிரு முறை சொன்னாள். எனக்கு சுணங்கவில்லை. ஆகவே நான் நம்பவில்லை.

தகுதிகாண் காலம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது முகாமையாளர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். "நல்ல பிள்ளைதான், ஆனால் கைவேகம் போதாது" என்றேன். அந்த ஒரு வார்த்தை அவளுடைய வேலையையே பறித்திருக்கும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

அன்றிரவு இதைத் தம்பியிடம் சொன்னேன். கம்பியூட்டர் வலையமைப்புதான் அவனது தொழில். "ராத்தா, எல்லாருக்கும் சுணக்கமா, அவக்கு மட்டுமா?" என்று கேட்டான். எல்லாருக்கும் என்றால் சேர்வரைப் பார்க்க வேண்டும். அதன் டிஸ்க் நிரம்பியிருக்கலாம், அல்லது வேலை நேரத்தில் பேக்கப் ஓடிக்கொண்டிருக்கலாம். ஒருவருக்கு மட்டும் என்றால் அவர் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். "நீங்க அவட இடத்தில போய் இருந்து பாருங்க" என்றான்.

மறுநாள் எல்லோரும் போன பிறகு, ஒரு ஜிகாபைட் அளவுள்ள ஒரு பில் கட்டை என் மடிக்கணினியில் பிரதி செய்தேன். பத்து விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்தது. அதே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அவளுடைய மேசை வயரில் மாட்டினேன். ஒன்றரை நிமிடம்! கம்பியூட்டரும் என்னுடையது, கையும் என்னுடையது. எனக்கு முகம் சுட்டது. ஒரு நாளைக்கு இருபது கட்டு என்றால், திரையைப் பார்த்துக்கொண்டே அவள் அரை மணி நேரத்தை இழந்திருக்கிறாள். அதைப் பிடிக்கத்தான் இருட்டும்வரை இருந்திருக்கிறாள்.

தம்பி சொன்னபடி இணைப்பின் வேகத்தைப் பார்த்தேன். என் மேசையில் 1000 மெகாபிட் என்று இருந்தது அவள் மேசையில் 100 என்று இருந்தது. காரணத்தையும் அவனே சொன்னான். அந்த வயருக்குள் எட்டு மெல்லிய கம்பிகள் சோடி சோடியாக முறுக்கப்பட்டிருக்கின்றன. 1000 வேகத்துக்கு நாலு சோடியும் வேண்டும். 100க்கு இரண்டு சோடி போதும். ஆகையால் மற்ற இரண்டு சோடிகளில் ஒரு கம்பி அறுந்தால் பெரும்பாலும் இணைப்பு முற்றாக நின்றுவிடாது. பத்தில் ஒரு பங்கு வேகத்தில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். நின்றிருந்தால் அன்றே திருத்தியிருப்போம். கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் குழாய் நசுங்கியிருந்தால் வாளி நிறையச் சுணங்கும்தானே?

சுவரோரமாகத் தேடிப் பார்த்தேன். இரும்பு அலுமாரியின் காலுக்கடியில் அந்த வயர் நசுங்கிக் கிடந்தது. சில நூறு ரூபாவுக்கு வேறு வயர் வாங்கி மாற்றினோம். வேகம் 1000 ஆனது. அந்த வாரமே அவள் ஐந்து மணிக்கு எங்களோடு பஸ்ஸுக்கு வந்தாள்.

முகாமையாளரிடம் நானே போய் நடந்ததைச் சொல்லி, என் வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். அவளுக்கு வேலை நிரந்தரமானது. அவளிடமும் மாப்புக் கேட்டேன். "பரவாயில்ல ராத்தா, எனக்கே என்ட கையிலதான் பிழை என்று தோணிட்டு" என்றாள். அந்தச் சொல்தான் என்னை இன்றும் உறுத்துகிறது.

சகோதரிகளே, உங்கள் அலுவலகத்தில் யாராவது "சுணங்குது" என்று சொன்னால், "எனக்கு இல்லையே" என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு ஐந்து நிமிடம் அவரது கதிரையில் போய் இருந்து பாருங்கள்.