கல்வராயன் பிள்ளைகளும் பர்மிங்காம் மாணவனும்

1970களின் இறுதியில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஒரு தனியார் பள்ளி, சீக்கிய மாணவன் ஒருவனைச் சேர்க்க மறுத்தது. தலைப்பாகையை எடுத்துவிட்டு, முடியை வெட்டிக்கொண்டு வந்தால் இடம் உண்டு என்றார் தலைமையாசிரியர். பையனின் அப்பா வழக்குத் தொடுத்தார். இன ஒதுக்கலுக்கு எதிரான சட்டம் அப்போது பிரிட்டனில் இருந்தது. ஆனால் மதத்தின் பேரில் ஒருவரை ஒதுக்கினால் அந்தச் சட்டம் துணைக்கு வராது. எனவே வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் வந்து நின்றது. சீக்கியர் என்பவர்கள் ஒரு மதத்தினர் மட்டும்தானா, அல்லது ஓர் இனக்குழுவா?

மேல்முறையீட்டு நீதிமன்றம் பையனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1983இல் பிரபுக்கள் சபை அதை மாற்றியது. ‘மண்ட்லா எதிர் டவுல் லீ’ என்ற அந்தத் தீர்ப்பில் பிரேசர் பிரபு ஓர் இனக்குழுவுக்கு இன்றியமையாதவை என்று இரண்டைக் குறிப்பிட்டார். ஒன்று, நீண்டகாலமாகப் பகிர்ந்துகொண்ட வரலாறு. அந்த வரலாறுதான் தங்களை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்துகிறது என்பதை அந்தக் குழுவினர் உணர்ந்திருக்க வேண்டும், அதன் நினைவை உயிரோடு காத்து வர வேண்டும். இரண்டு, குடும்ப வழக்கங்களும் சமூக வழக்கங்களும் சேர்ந்த சொந்தப் பண்பாட்டு மரபு. சீக்கியர்களிடம் இரண்டும் இருந்தன. மாணவன் தலைப்பாகையோடு நின்று வென்றான்.

அவர்களிடம் வரலாற்று நினைவு இருந்தது தற்செயல் அல்ல. எந்தக் குருத்வாராவுக்குப் போனாலும் வழிபாட்டின்போது எல்லாரும் எழுந்து நின்று கைகூப்பி ‘அர்தாஸ்’ சொல்வார்கள். அது வெறும் வேண்டுதல் இல்லை. பத்து குருமார்களின் பெயர்கள், 1699 வைசாகி நாளில் ஆனந்தபூரில் தலை கொடுக்க முன்வந்த ஐந்து பேர், குரு கோவிந்த சிங்கின் நான்கு பிள்ளைகள், கொள்கைக்காக உடல் அறுக்கப்பட்டவர்கள் என்று வரிசையாக நினைவுகூரும் வரலாற்றுப் பாடம் அது. பள்ளிக்கூடத்தில் சொல்லித் தராவிட்டாலும் ஐந்து வயதுக் குழந்தை அதைக் கேட்டே வளர்கிறது. அந்த ஐவரில் ஒருவர் இன்றைய கர்நாடகத்தின் பீதர் நகரிலிருந்து போனவர் என்பதுகூட ஒரு சாதாரணச் சீக்கியக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்கும்.

இவ்வளவு இருந்தும் இன்றைய சீக்கிய இளைஞர்களின் மனம் அமைதியாக இல்லை. முடியை வெட்டிக்கொண்டால் நான் சீக்கியன் இல்லையா என்று ஒருவன் கேட்கிறான். குருமுகி எழுத்தைப் படிக்கத் தெரியாமல் புனித நூலான கிரந்தத்தின் முன் அமர்ந்திருப்பது ஒருத்திக்கு உறுத்துகிறது. 1984இல் டெல்லியில் நடந்த சீக்கியர் படுகொலையைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டால் அவர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். சாதி இல்லை என்று குரு சொன்னார். பஞ்சாபின் பல ஊர்களில் சாதிக்கொரு குருத்வாராவும் சாதிக்கொரு சுடுகாடும் ஏன் என்ற கேள்விக்குப் பெரியவர்கள் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. சென்னை தியாகராய நகர் குருத்வாராவுக்கு ஞாயிற்றுக்கிழமை வரும் பிள்ளைகளுக்கு இவற்றோடு இன்னொன்றும் உண்டு. தெருவிலும் கல்லூரியிலும் தமிழ் பேசி வளர்ந்தவர்களை இன்னும் ‘எந்த ஊர்?’ என்று கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் இதே கேள்விகளை மறுபக்கமிருந்து கேட்டவர்களும் இருக்கிறார்கள். டெல்லி எல்லையில் 2020-21இல் நடந்த விவசாயிகள் போராட்டத்தின் காலத்தில் சீக்கியத்தை நெருங்கி, தலைப்பாகை கட்டிக்கொண்ட தமிழர்கள் அவர்கள். சிலர் 2024 மக்களவைத் தேர்தலில் பகுஜன் திராவிடக் கட்சி வேட்பாளர்களாகவும் நின்றார்கள். சாதியிலிருந்து வெளியேற ஒரு வாசல் வேண்டும் என்பதே அவர்களின் முதல் காரணம். 1950ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்தது 1956இல் சீக்கியர்களுக்கும் நீட்டிக்கப்பட்டதால், மதம் மாறினாலும் சான்றிதழ் கைவிட்டுப் போகாது. ஆனால் வெளியேற நினைத்த சாதியின் பெயரையே அந்தச் சான்றிதழ் திரும்ப எழுதித் தருகிறது. இந்தச் சங்கடத்தோடுதான் அந்த இளைஞர்கள் வாழ்கிறார்கள்.

நம்பிக்கை, வரலாறு, சமூகம் என்ற இந்த மூன்று கேள்விகளையும் கள்ளக்குறிச்சிப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கல்வராயன்மலையின் மலையாளிப் பழங்குடி இளைஞர்கள். கேரளத்தோடு தொடர்பில்லாத, தமிழ் பேசும் மலைமக்கள் இவர்கள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய சமூகமும் இதுதான். 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 3.58 லட்சம் பேர். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக ஏறினால் வெள்ளிமலை. மரவள்ளிக் காடுகள், சாமைக் கொல்லைகள், கடுக்காய் மரங்கள். மழைக்காலத்தில் மேகம் அருவிக்குக் கூட்டம் வருகிறது. வருகிறவர்களில் எத்தனை பேர் இந்த மக்களைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குகிறார்கள்?

மலையில் பாட்டிமார்கள் சொல்லும் கதை இப்படித் தொடங்கும். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் புறப்பட்டு வந்தார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். ஆளுக்கொரு மலையில் தங்கினார்கள். வரும்போது தங்கள் சாமியையும் கொண்டுவந்தார்கள். கரியராமன் கல்வராயனுக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை எங்கும் இதே கதை சின்னச் சின்ன மாற்றங்களோடு வழங்குகிறது. எந்த மலையின் மலையாளியும் மற்ற மலைக்காரரை ஒரே வம்சத்துப் பங்காளியாகப் பார்க்க இந்தக் கதை போதும்.

அச்சில் ஏறிய கதை வேறு. 1906இல் வெளியான தென்னார்க்காடு கெசட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் என்ற ஆங்கில அதிகாரி, காஞ்சியிலிருந்து வந்தவர்கள் மலையிலிருந்த வேடர்களைக் கொன்று அவர்கள் பெண்களை மணந்தார்கள் என்ற வழக்கை எழுதிவைத்தார். கல்யாணத்தில் வானத்தை நோக்கித் துப்பாக்கி சுடுவது, கொல்லப்பட்ட அந்த வேடக் கணவனின் சாவைக் குறிப்பது என்கிறார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளும் இந்தச் செய்திகளை எடுத்தாண்டன. இன்று கைபேசியில் தன் சமூகத்தின் பெயரைத் தட்டித் தேடும் கல்லூரி மாணவிக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் இந்த வரிகளின் நகல்தான். தன் பாட்டி பெருமையாகச் சொன்ன வழிநடைக் கதை, நூறு வருடத்துக்கு முந்தைய அதிகாரியின் கையில் கொலைக்கதையாக மாறி நிற்பதை அவள் படிக்கிறாள். பாட்டி சொன்னது சரியா, பிரான்சிஸ் எழுதியது சரியா? சரிபார்க்க மூன்றாவதாக ஒரு நூலை அவள் கையில் யாரும் கொடுக்கவில்லை.

நாட்டின் வரலாறும் மலைமேல் தாமதமாகத்தான் ஏறியது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற பெயர்களில் இங்கே ஜாகீர்கள் நீண்ட காலம் நிலைத்தன. கீழே சுதந்திரம் வந்து, அரசியல் சட்டம் வந்து, ஜமீன்தாரி ஒழிந்த பிறகும் மலையின் உழவர்கள் ஜாகீர்தாருக்குக் கட்டுப்பட்டே இருந்தார்கள். 1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில்தான் அரசு ஜாகீர்களை எடுத்துக்கொண்டது. வாக்குரிமைகூட 1996இல்தான் கிடைத்தது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் ஒரு வழக்கில் சுட்டிக்காட்டியது. இன்று மலையில் ஐம்பது வயதைக் கடந்த எவரும் ஜாகீர் காலத்தில் பிறந்தவர்தான். அவர்கள் சுமந்த கூலியில்லா வேலையின் கதை எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளாவிட்டால் அது அவர்களோடு போய்விடும்.

உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தானாக முன்வந்து எடுத்த காரணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. செத்தவர்களில் பெரும்பாலோர் டவுன்காரர்கள். ஆனாலும் பேச்சு உடனே கல்வராயன்மலைக்கு ஏறியது. சாராயம் காய்ச்சும் மலை என்ற பழைய பெயர் மறுபடி தூசு தட்டப்பட்டது. அதற்கு முன்பு செம்மரம் வெட்டப் போகிறவர்கள் என்ற பெயர். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டு மலைக் கிராமங்களிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் கூலிக்குப் போன 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கல்வராயனிலிருந்தும் அந்த வேலைக்குப் போய்ச் சிறையில் கிடந்தவர்கள் உண்டு. விடுதி அறையில் ‘கல்வராயன்மலை’ என்று ஊர்ப்பெயர் சொன்ன மறுநிமிடம் சாராயத்தைப் பற்றிய கேலி எழும்போது, பத்தொன்பது வயதுப் பையன் என்ன செய்வான்? பலர் அடுத்த முறை ‘கள்ளக்குறிச்சி பக்கம்’ என்று சொல்லப் பழகிக்கொள்கிறார்கள்.

தலைப்பாகையை ஒளிக்க முடியாது, ஊரை ஒளிக்கலாம் என்பது ஒரு வசதி மாதிரித் தெரியும். அது வசதி இல்லை. ஒளித்துப் பழகிய பெயரைச் சான்றிதழ் கேட்கும்போது மட்டும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் பழங்குடியினர் சான்றிதழை 1989 முதல் வட்டாட்சியர் கொடுப்பதில்லை, கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் ‘கவுண்டர்’ என்று தாத்தாவின் பத்திரத்தில் இருந்தால் சந்தேகம் வருகிறது. சமவெளியில் அது வேறு சாதியின் பட்டம் அல்லவா? பட்டியலில் மலையாளி என்ற பெயர் மாவட்டங்களோடு கட்டப்பட்டிருக்கிறது. தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி என்ற பழைய மாவட்டங்கள் மட்டும். ஈரோட்டின் பர்கூர் மலையிலும் கடம்பூர் மலையிலும் வாழும் மலையாளிகள் அந்த வரிக்கு வெளியே நிற்கிறார்கள். கல்வராயன்காரர்கள் உள்ளே இருக்கிறார்கள். ஆனாலும் தாங்கள் யார் என்று நிரூபிக்கும் வேலை அவர்களை விட்டபாடில்லை.

எதை வைத்து நிரூபிப்பது? ஒரு சமூகம் பழங்குடியா என்று பார்க்க 1965இல் லோகூர் குழு வகுத்த அளவுகோல்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. ஆதிகாலத் தன்மையின் அடையாளங்கள், தனித்த பண்பாடு, புவியியல் தனிமை, பிறருடன் பழகுவதில் கூச்சம், பின்தங்கிய நிலை. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம், தனிநபரின் சான்றிதழைச் சரிபார்க்கும் குழுக்களை அமைக்கச் சொன்னபோது, தெய்வம், சடங்கு, திருமண முறை, சாவுச் சடங்கு, புதைக்கும் முறை ஆகியவற்றை விசாரிக்கச் சொன்னது. போலிச் சான்றிதழ்கள் உண்மையான பழங்குடியின் இடத்தைத் திருடுகின்றன என்பது நியாயமான கவலை. அதற்கு ஒரு சோதனை தேவைதான். ஆனால் விடுதியில் படித்து வளர்ந்த பெண், தன் பாட்டியின் சாவுச் சடங்கு வரிசையைத் தவறாகச் சொன்னால் அவள் பழங்குடி இல்லாமல் போய்விடுவாளா? இடம்பெயர்தலும் நவீன வாழ்வும் பழக்கங்களை மாற்றும் என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. இந்தச் சோதனையை முடிவான உரைகல்லாகக் கொள்ளக் கூடாது என்று 2023இல் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது.

பர்மிங்காம் மாணவனைப் பார்த்து நீதிமன்றம், உன் மக்கள் தங்கள் வரலாற்றை நினைவில் வைத்திருக்கிறார்களா என்று கேட்டது. கல்வராயன் பிள்ளையைப் பார்த்து நம் அளவுகோல், உன் மக்கள் இன்னும் கூச்சப்படுகிறார்களா, பின்தங்கியிருக்கிறார்களா என்று கேட்கிறது. முதல் கேள்வி கேட்கப்படுகிறவனை நிமிர்த்துகிறது. இரண்டாவது கேள்விக்கு ஆம் என்று சொல்லத் தலை குனிய வேண்டியிருக்கிறது. படித்து, நகரத்துக்குப் போய், கூச்சம் விட்டுப் பேசக் கற்றுக்கொண்ட இளைஞன் தன் முன்னேற்றத்தாலேயே சந்தேகத்துக்கு ஆளாவது பெரும் அநியாயம். அறுபது ஆண்டு பழைய அந்த அளவுகோலை மாற்ற வேண்டும்.

மாற்றம் மலைமேல் தொடங்காமல் இல்லை. கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த கல்வராயன்மலை மாணவி ஒருவர் 2025இல் சென்னை ஐஐடியில் இடம் பிடித்தார். வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரிப் பள்ளி இருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பல வளவுகளில் வந்துவிட்டார்கள். நம்பிக்கை பற்றிய அவர்களின் கேள்விகளும் கூர்மையானவை. கரியராமனுக்குச் செய்யும் பூசையை ஊர்ப்பெரியவர்கள் வாய்வழியே காத்து வருகிறார்கள். பிழைப்புக்குத் திருப்பூருக்கும் கேரளத்துத் தோட்டங்களுக்கும் போய்விட்ட இளைஞர்கள் திருவிழாவுக்கு இரண்டு நாள் வந்து போவதோடு சரி. முறை தெரிந்தவர் போனபின் அதை எடுத்துச் செய்ய யார் இருக்கிறார்கள் என்று அவர்களே கேட்கிறார்கள்.

சீக்கியர்களும் ஒரு காலத்தில் தங்கள் கதையைப் பிறர் எழுதப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தாம். 1873இல் அமிர்தசரசில் சிங் சபையைத் தொடங்கி, அச்சகம் வைத்து, பள்ளி கட்டி, 1892இல் கால்சா கல்லூரியை எழுப்பித் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதத் தொடங்கினார்கள். அதற்குப் பணம் இருந்தது, நிலம் இருந்தது, படை வேலை இருந்தது. கல்வராயனில் அவை இல்லை. எனவே அரசின் கை கட்டாயம் தேவை.

உதகையை ஒட்டிய பாலடாவில் தமிழ்நாடு அரசின் பழங்குடியினர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அது கல்வராயனின் பட்டதாரி இளைஞர்களுக்கே உதவித்தொகை தந்து, ஜாகீர் காலத்தைக் கண்ட முதியவர்களிடமும் பூசை முறை அறிந்தவர்களிடமும் பேசிப் பதிவு செய்ய வைக்கட்டும். கெசட்டியர் சொல்வதையும் பாட்டி சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர்களே எழுதட்டும். அந்த நூல் முதலில் போய்ச் சேர வேண்டிய இடங்கள் வெள்ளிமலை, கருமந்துறைப் பள்ளிகளின் நூலகங்கள். மேகம் அருவிக்குப் போகும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வெள்ளிமலையில் டீ குடிக்க நிற்கும்போது சாராயத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளைப் பற்றிக் கேளுங்கள்.