முட்டிக்கு ஏழு அங்குலம்

ஈஸ்ட் ஹாம், லண்டன்



ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறாள். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற வல்லத்திலிருந்து காரில் கிளம்பி, ஜி.எஸ்.டி. சாலை வழியாகச் சென்னை விமான நிலையம் வந்து, ஏறக்குறைய பதினோரு மணி நேரம் வானத்தில் உட்கார்ந்து, ஹீத்ரோவில் இறங்கினாள். இந்தமுறை நானே போய் அழைத்து வந்தேன். இருவருக்கும் பிரீமியம் எகானமி வகுப்பில் டிக்கெட் எடுத்தேன். சாதாரண வகுப்புக்கும் பிசினஸ் வகுப்புக்கும் நடுவில் இருக்கும் அந்த இருக்கையைப் பற்றித்தான் இந்த மடல். பெற்றோரை அழைக்கப்போகும் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு டிக்கெட் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் ஒரு விஷயம். நம் பெற்றோர் ஏன் இப்படி வந்து வந்து போகிறார்கள்? இங்கேயே வைத்துக்கொள்ளலாமே என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். முடியாது. 2012 ஜூலையில் பிரிட்டன் குடியேற்ற விதிகளை இறுக்கிவிட்டது. குளிக்கவும் உடுத்தவும்கூட இன்னொருவர் உதவி வேண்டும் என்ற நிலை பெற்றோருக்கு வர வேண்டும். அந்த உதவி சொந்த நாட்டில் கிடைக்க வழியே இல்லை என்றும் நிரூபிக்க வேண்டும். அப்போதுதான் அவர்கள் இங்கே நிரந்தரமாகத் தங்கலாம். நடமாடுகிற அம்மாவுக்குக் கிடைப்பது பார்வையாளர் விசாதான். அதில் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் தங்க முடியாது. அதனால் பேரப்பிள்ளை முகத்தைப் பார்க்க ஆசைப்படும் ஒவ்வொரு முறையும், போக ஒன்று வர ஒன்று என்று இரண்டு நெடும்பயணம். வயது ஏற ஏற, தூரம் அதே தூரமாகத்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பெண்களின் முட்டி எந்த நிலையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நெல் நடவு, களையெடுப்பு, மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்குவது, ஆய்வது என்று குனிந்தும் குத்துக்காலிட்டும் கழிந்த வாழ்க்கை அது. அறுபது தாண்டும்போது முட்டி தேய்ந்துபோகிறது. முன்பு ஒருமுறை அம்மா சாதாரண வகுப்பில் தனியாக வந்தாள். இறங்கியபோது பாதம் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. இரண்டு நாள் படியேற முடியாமல் கீழ் அறையிலேயே படுத்திருந்தாள். அதைப் பார்த்த பிறகு, இனி அம்மாவின் பயணத்தில் முதல் செலவு இருக்கைக்குத்தான் என்று முடிவு செய்தேன்.

நம் மக்கள் கடல் கடந்தது விமானத்தில் தொடங்கவில்லை. பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து மலேயா தோட்டங்களுக்குப் போனவர்கள் கப்பலில் டெக் பயணிகளாகப் பாய் விரித்துப் படுத்துப் போனார்கள். 1926-இல் கட்டிய ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் அவர்களை ஏற்றி இறக்கியது. அதற்குப் பிறகு ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பற்றியதோடு அந்தக் கடல்வழி நின்றது. விமானம் வந்து நாள் கணக்கை மணிக்கணக்காகச் சுருக்கியது. கூடவே மனிதனின் காலையும் மடக்கி வைத்தது.

காலம் போகப் போக அந்த மடக்கு இன்னும் இறுகியது. போயிங் 787 விமானத்தை வடிவமைத்தபோது சாதாரண வகுப்பில் ஒரு வரிசைக்கு எட்டு இருக்கை போதும் என்ற யோசனையும் இருந்தது. பெரும்பாலான நிறுவனங்கள் ஒன்பது போட்டன. மேலே பிசினஸ் வகுப்பு படுக்கையாக விரிந்தது. கீழே தோளோடு தோள் இடித்தது. இந்த இரண்டுக்கும் இடையில் விழுந்த பள்ளத்தில்தான் பிரீமியம் எகானமி வந்து உட்கார்ந்தது. 1992-இல் தைவானின் ஈவா ஏரும் பிரிட்டனின் வெர்ஜின் அட்லாண்டிக்கும் இதைத் தொடங்கின. 2000-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கொண்டுவந்தது. இந்தியாவில் 2015-இல் விஸ்தாரா முதலில் வைத்தது. 2024 நவம்பரில் அது ஏர் இந்தியாவோடு இணைந்துவிட்டது. ஏர் இந்தியாவின் ஏ350 விமானத்தில் உள்ள 316 இருக்கைகளில் 24 இந்த வகுப்புக்கு.

அப்படி என்ன கூடுதலாகக் கிடைக்கிறது? ஓர் இருக்கையின் முதுகிலிருந்து முன் இருக்கையின் முதுகு வரை உள்ள தூரத்தைக் கணக்குப் பார்ப்பார்கள். சாதாரண வகுப்பில் அது பெரும்பாலும் 31 அங்குலம். பிரீமியம் எகானமியில் 38 அங்குலம். ஏழு அங்குல வித்தியாசம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் முட்டி முன்சீட்டில் இடிக்காமல் காலை முன்னே நீட்டி வைக்க அந்த ஏழு அங்குலம்தான் வழிவிடுகிறது. இருக்கையும் ஓர் அங்குலமாவது அகலம் கூடும், முதுகு இன்னும் கொஞ்சம் சாயும், பல விமானங்களில் கால் வைக்கச் சிறு பலகையும் உண்டு. 787 விமானத்தில் வரிசைக்கு ஒன்பது பேருக்குப் பதில் ஏழு பேர். ஓரத்தில் இரண்டே இருக்கை என்பதால் அம்மாவும் நானும் மட்டும் உட்கார்ந்தோம். எழ வேண்டுமென்றால் முன்பின் தெரியாத ஒருவரைத் தாண்ட வேண்டியதில்லை. முதியவர்கள் கழிப்பறைக்கு எழக் கூச்சப்பட்டே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். அந்தக் கூச்சம் போவதே எனக்குப் பெரிய லாபமாகத் தெரிந்தது.

விமானம் மேலே ஏறி நிலைத்ததும் அம்மா காலை நீட்டிப் பார்த்தாள். “கால் நீளுதுடா” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள், “இதுக்கு இன்னா வெல குடுத்த?” சொன்னேன். “இம்மாம் பணமா! ஊர்ல ஒரு கறவ மாடு புடிச்சிருக்கலாமே.” ஆனால் அதற்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள். முன்பு வந்தபோது பொட்டுத் தூக்கமில்லை என்று சொன்னவள் அவள்.

சாப்பாட்டில் உப்பில்லை என்றாள். அது சமைத்தவர் குற்றமில்லை. விமானத்துக்குள் காற்று வறண்டிருக்கும், அழுத்தமும் குறைவு. உப்பையும் இனிப்பையும் நாக்கு அங்கே குறைவாகவே உணர்கிறது என்று லுஃப்தான்சாவுக்காக ஜெர்மனியின் ஃப்ரௌன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 2010-இல் சோதித்துச் சொல்லியிருக்கிறது. பழைய விமானங்களில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 8000 அடி உயரத்துக்கு நிகராகலாம். அது ஊட்டியைவிட உயரம். 787 போன்ற புதிய விமானங்களில் 6000 அடி, அதாவது குன்னூர் உயரம். மூச்சு வாங்கும் முதியவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். டிக்கெட் எடுக்கும்போது வகுப்பை மட்டும் பார்க்காமல் எந்த விமானம் என்றும் பாருங்கள்.

இந்த வகுப்பு செய்யாதவையும் உண்டு. காலில் ரத்தம் உறையும் ஆபத்தை இருக்கை மட்டும் நீக்கிவிடாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் அந்த ஆபத்து இரட்டிப்பாகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் அறிவித்தது. அளவு சிறியதுதான், சுமார் 6000 பேரில் ஒருவர். ஆனால் வயதும் உடல் பருமனும் அண்மையில் நடந்த அறுவை சிகிச்சையும் அதைக் கூட்டும். எந்த வகுப்பானாலும் எழுந்து நடக்கத்தான் வேண்டும், உட்கார்ந்தபடியே கணுக்காலை மடக்கி நீட்டத்தான் வேண்டும். அதனால் ஜன்னலை விட்டுவிட்டு நடைபாதை ஓர இருக்கையை முதியவருக்குக் கொடுங்கள். முட்டி மாற்று சிகிச்சை செய்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக்கூடாது.

இருக்கையின் கைப்பிடிக்குள் சாப்பாட்டு மேசை மடங்கியிருந்தால் அந்தக் கைப்பிடியைத் தூக்க முடியாது. பக்கவாட்டில் நகர்ந்து எழுபவருக்கு அது சிரமம். பல விமானங்களில் இந்த வகுப்புக்கெனத் தனிக் கழிப்பறை இல்லை. சக்கர நாற்காலி உதவிக்கு வகுப்பு ஒரு பொருட்டே இல்லை. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் அதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது சட்டம். பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே கேட்டுவிடுங்கள்.

இனி பணம். பெரும்பாலும் சாதாரணக் கட்டணத்தைப் போல் ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ ஆகும். அதில் வரியின் பங்கும் உண்டு. 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் லண்டனிலிருந்து இந்தியாவுக்குப் பறந்தவர் கட்டிய பயணிகள் வரி, சாதாரண வகுப்பில் 90 பவுண்டு. பிரீமியம் எகானமியில் பிசினஸ் வகுப்புக்கு இருந்த அதே 216 பவுண்டு. இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல் எகானமி டிக்கெட்டுக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி., மற்ற எல்லா வகுப்புக்கும் 18 விழுக்காடு. இந்த 18 அதற்கு முன் 12 ஆக இருந்தது. இரண்டு அரசுகளுமே இந்த இருக்கையை ஆடம்பரக் கணக்கில் எழுதி வைத்திருக்கின்றன. முட்டி தேய்ந்த எழுபது வயதுப் பெண்மணி காலை நீட்டி உட்காருவது ஆடம்பரமா? மூத்த குடிமக்கள் எடுக்கும் பிரீமியம் எகானமி டிக்கெட்டுக்காவது எகானமி வரியையே விதிக்க வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும்.

ஒரு வழிக்குத்தான் கட்டுப்படியாகும் என்றால் சென்னையிலிருந்து வரும் வழிக்கு எடுங்கள். பிரிட்டன் வரி அதில் இல்லை. அதற்கும் இயலாதவர்கள், சாதாரண வகுப்பில் கூடுதல் கால் இடமுள்ள இருக்கையைக் கேளுங்கள். ஆனால் அவசர வழி அருகில் உள்ள வரிசையை நடக்கச் சிரமப்படுபவருக்குத் தரமாட்டார்கள். உடம்பில் வலுவுள்ள இளவயதினருக்கு இந்த வகுப்பு தேவையில்லை என்பது என் எண்ணம். அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து அப்பா அம்மா டிக்கெட்டில் போடலாம்.

பிள்ளைகளே, ஊருக்குப் போகும்போது பெட்டி நிறைய வாங்கிப் போகும் பொருள்களில் பாதியைக் குறைத்தால் அந்த ஏழு அங்குலத்துக்கு நல்ல பங்கு சேர்ந்துவிடும். “எதுக்குடா வீண் செலவு” என்றுதான் அவர்கள் சொல்வார்கள். தமக்கென்று செலவழித்துப் பழகாதவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? அவர்களைக் கேட்டுக்கொண்டிருக்காமல் டிக்கெட்டை எடுத்துவிட்டு, பிறகு சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வல்லத்துக்காரன்